சோறல்ல, பேரு: மட்டாஞ்சேரியில் வீடு பார்த்துவிட்டு வந்த கதை

வயதான காலத்தில் எங்கே இருப்பது என்ற பேச்சு எங்கள் வீட்டில் இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அறுபத்தொன்பது, என் மனைவி போதும்பொண்ணுக்கு அறுபத்துநான்கு. கம்பத்தில் பரோட்டாக் கடை வைத்திருந்தேன். தோள்கள் இரண்டும் முடியாது என்று சொல்லிவிட்டதால் கடையை மூடினேன். அதன் பிறகுதான் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்து எழுத்துப் படித்தேன். இதைக் கைப்பேசியில் ஒற்றை விரலால் எழுதுகிறேன். ஒரு பத்திக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. ஆகட்டும், எழுத எழுத இனிக்கிறது.

எங்கள் மகள் செல்வி மட்டாஞ்சேரியில் ஒரு விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். அவள் குடியிருக்கும் சந்திலேயே பெரியவர்கள் சேர்ந்து வாழும் வீடு ஒன்று இருக்கிறதாம். கணவன் மனைவிக்குத் தனி அறை உண்டு, வந்து பாருங்கள் என்றாள். போதும்பொண்ணு பிடி கொடுக்கவில்லை.

"மக இருக்கயில இல்லத்துல போயிச் சேந்தா ஊரு என்ன பேசும்? நீங்க வேணா போயி இருந்துக்கங்க."

ஒரு நாள் பார்ப்போம், உனக்குப் பிடிக்காவிட்டால் இனி அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். மார்கழி தொடக்கத்தில் கிளம்பினோம்.

குமுளியில் காலை ஆறு மணிக்கு எர்ணாகுளம் பேருந்து. ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர், எங்களுக்கு ஐந்தரை மணி நேரம் ஆனது. முதல் பாதி மலை இறக்கம். வயிறு புரட்டுகிறவர்கள் முன்பக்கம் உட்காருங்கள். சன்னலோரம் உட்கார்ந்து பலகைகளைப் படித்துக்கொண்டே போவது எனக்குப் புதுப் பழக்கம். எல்லை தாண்டியதும் எல்லாம் மலையாளம். ஆனாலும் நான் விடவில்லை. அவர்களுடைய ண, வ இரண்டும் நம் எழுத்துகளின் சாயலிலேயே இருக்கின்றன. தெரியாத ஊரில் சித்தி மகனைப் பார்த்தது போல இருந்தது.

எர்ணாகுளம் படகுத் துறையிலிருந்து மட்டாஞ்சேரிக்கு அரசுப் படகு. நாங்கள் போன அன்று ஆளுக்கு ஆறு ரூபாய். காயலில் காற்று வாங்கிக்கொண்டு, மலை மாதிரி நிற்கும் கப்பல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு போகலாம். ஆறு ரூபாய்க்கு நான் இதுவரை வாங்கியவற்றில் இதுதான் சிறந்தது.

இறங்கி ஆட்டோ பிடித்தோம், முப்பது ரூபாய். பெரியவர்கள் இருக்கும் வீடு என்றதும் ஓட்டுநர், "ஆரெ காணானா சேட்டா?" என்றார். யாரைப் பார்க்க என்று கேட்கிறார்.

"யாரையும் பாக்க இல்லப்பா. நாங்களே சேரலாமான்னு வந்திருக்கோம்."

அவர் திரும்பிப் போதும்பொண்ணைப் பார்த்தார். "நிங்களோ? அதினுள்ள வயசாயில்லல்லோ!"

அதற்கு வயதாகவில்லையே என்கிறார். குமுளியிலிருந்து இறுகிக் கிடந்த அவள் முகம் முதல்முறையாகச் சிரித்தது. அந்த ஓட்டுநர் நன்றாக இருக்கட்டும்.

அந்த வீடு ஒரு காலத்தில் சுக்குக் கிடங்காக இருந்ததாம். சுவரெல்லாம் இரண்டு முழக் கனம். உள்ளே நுழைந்ததும் இன்னும் சுக்கு மணக்கிறது. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், குளியலறைகளில் பிடித்துக்கொள்ளக் கம்பி. பக்கத்துத் தெருப் பெரியவர்களும் பகலில் வந்து சாப்பிட்டு, பேசி, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். சமையலறையை எட்டிப் பார்த்தேன். பாத்திரங்கள் பளபளவென்று இருந்தன. கடை நடத்தியவன் சொல்கிறேன், நம்பலாம்.

பகல் ஒரு மணிக்குச் சாப்பாடு. செல்வியும் அரை நாள் விடுப்பு எடுத்து வந்து எங்களோடு உட்கார்ந்தாள். சிவந்த குண்டு அரிசிச் சோறு, குடம்புளி போட்ட மீன் குழம்பு. குடியிருப்பவர்களே முறை வைத்துப் பரிமாறுகிறார்கள். அன்று ரோஸி அம்மச்சியின் முறை. எண்பது வயது இருக்கும். கரண்டியைப் பிடித்த பிடியில் நடுக்கமே இல்லை.

"குறச்சூடெ, மோளே," என்று இன்னும் கொஞ்சம் போட்டார்.

"போதும்மா," என்றாள் என் மனைவி. இன்னொரு கரண்டி விழுந்தது. "போதும், போதும்!"

"மோள்டெ பேரெந்தா?"

"போதும்பொண்ணு."

"அய்யோ, ஞான் சோறல்ல சோதிச்சது, பேரா!"

அங்கே சோதிப்பது என்றால் கேட்பது. "அதான் பேரும்மா!" என்று இவள் தட்டைக் கையால் மூட, மேசையே சிரித்தது. நான்தான் அதிகம் சிரித்தேன். பிறகு இவள் சொன்னாள்: "நான் அஞ்சாவது பொட்டப்பிள்ள. இனிமே பொண்ணு போதும்னு சாமிக்குச் சொல்றதுக்காக எங்கப்பன் வச்ச பேரு."

செல்வி மலையாளத்தில் எடுத்துச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அம்மச்சி கரண்டியோடு யோசித்தார்.

"போதும் எந்நு வெச்சால் ஞங்ஙளுக்கு 'மதி'. அப்போ நீ மதி. மதிமோள்." போதும் என்பதற்கு அவர்கள் பேச்சில் மதி. சொல்லிவிட்டு, மூடிய கையை விலக்கி இன்னொரு கரண்டி போட்டார்.

போதும்பொண்ணு என் பக்கம் சாய்ந்தாள். "ஏங்க, மதின்னா நெலாவுல்ல?"

"நிலாதான்," என்றேன்.

அந்தச் சோற்றையும் சாப்பிட்டாள்.

சாப்பாடு முடிந்து நான் கேரம் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன், இவள் என் பக்கத்தில் இருந்தாள். முற்றத்தில் பெண்கள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். "மதியே!" என்று ஒரு குரல். இவள் திரும்பவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டபோது எழுந்து அவர்களிடமே போய்விட்டாள். அரை மணி நேரத்தில், இரண்டு மொழியிலும் சேராத ஒரு மொழியில், மருமகன்களைப் பற்றி எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்திருந்தார்கள்.

நாலரைக்குச் சாயா குடித்துவிட்டு வெளியே வந்தோம். நான் வாக்குக் கொடுத்தவன், படகு நேரத்தைப் பற்றி மட்டும் பேசினேன். அவளே எதிர் வீட்டைக் காட்டினாள். ஓட்டு வீடு, காலியாக இருந்தது.

"உள்ள போயிச் சேந்தா இல்லத்துல விட்டுட்டாகன்னு ஊரு பேசும். எதுத்த வீட்டுல இருந்தா நான் பக்கத்து வீட்டுக்காரி. மதியச் சோத்துக்கு அங்க போவேன். முறை வந்தா நானும் பரிமாறுவேன்."

செல்வி அந்த வீட்டுக்கு வாடகை பேசி முடித்துவிட்டாள். தை பிறந்ததும் குடி போகிறோம்.

இப்படி இடம் தேடுகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிடுங்கள். யார் பரிமாறுகிறார்கள், உங்கள் பெயரைக் கேட்கிறார்களா என்று கவனியுங்கள். உள்ளே சேர மனம் வராவிட்டால் அதே தெருவில் வாடகை வீடு கிடைக்குமா என்று விசாரியுங்கள். மட்டாஞ்சேரியில் கொசு உண்டு, வலை கொண்டுபோங்கள். கடைசிப் படகு எப்போது என்று இறங்கும்போதே கேட்டு வையுங்கள்.

புது வீட்டு வாசலுக்குப் பெயர்ப் பலகை என் கையாலேயே எழுதப்போகிறேன். மதி என்றால் இரண்டே எழுத்து, ஒரு நாளில் முடித்துவிடுவேன் என்று அவளிடம் சொன்னேன்.

"சோம்பேறித்தனம் பண்ணாதீக. முழுப் பேரையும் எழுதுங்க. மதின்னு கூப்பிடத்தான் அவுக இருக்காகல்ல?"

எழுதிக்கொண்டிருக்கிறேன். கொம்பு, கால், புள்ளி எல்லாம் உள்ள பெயர். இன்று 'பொ' வரை வந்திருக்கிறேன்.