லுணுகலை ஏற்றத்தில் இறங்கி நடந்த மங்கை அக்கா

எங்களோடு சைக்கிள் ஓடும் சுதன் தொலைபேசியில் அழைத்தபோது நான் வேலைக்குப் புறப்பட்டு சைக்கிளை வாசலுக்கு எடுத்திருந்தேன். “அக்கா, மங்கை அக்கா போயிட்டா” என்றார். “எங்க போயிட்டா?” என்று கேட்டேன். எப்போதும் எங்கேயாவது போய்க்கொண்டிருப்பவர்தானே. சுதன் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. பழுகாமத்தில் தன் வீட்டில், நித்திரையிலேயே அவருடைய உயிர் பிரிந்திருந்தது.

மங்கையற்கரசி என்ற முழுப்பெயரை மரண அறிவித்தலில் பார்த்துத்தான் எங்களில் பலர் அறிந்தோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள ஊர்களுக்கு அவர் ‘மிட்வைப் அம்மா’. ஓய்வுபெறும் வரை சைக்கிளிலேயே வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்த்தவர். இதை வாசிக்கும் உங்களில் சிலரைப் பிறந்த மறுவாரமே தராசில் வைத்து நிறுத்தவரும் அவராகத்தான் இருக்கும்.

பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் நாங்கள் சிலர் சைக்கிளுக்கு மாறினோம். பெற்றோல் திரும்பி வந்த பிறகும் சனிக்கிழமை காலைகளில் கூடிச் சைக்கிள் ஓடும் பழக்கம் நின்றுவிடவில்லை. ஒரு சனிக்கிழமை கல்லடிப் பாலத்தடிக்கு, முன்னால் கூடை வைத்த சைக்கிளில் ஓர் அம்மா வந்து நின்றார். “நானும் வரலாமா? மெதுவாத்தான் வருவன்” என்றார். அப்படித்தான் மங்கை அக்கா எங்களுக்குக் கிடைத்தார்.

மலைநாட்டிலிருக்கும் பதுளைக்குப் போவதென்பது சுதனுடைய திட்டம். வங்கியில் வேலை செய்பவர், எங்கள் எல்லாரையும் விட வேகமானவர். எங்கள் பக்கத்தில் ஏறுவதற்கென்று இருப்பவை பாலங்கள்தான். மலையில் சைக்கிள் ஓட்டிய அனுபவம் ஒருவருக்கும் இல்லை. வழியில் பிபிலையில் தங்கி மறுநாள் விடியப் புறப்பட்டோம். லுணுகலை ஏற்றம் தொடங்கும் இடத்தில் சுதன் உரத்துச் சொன்னார். “ஒருத்தரும் இறங்கப்படாது. இறங்கினா ஏறினதாக் கணக்கில்ல.”

முதலாவது செங்குத்தான வளைவிலேயே மங்கை அக்கா இறங்கிவிட்டார்.

“என்னக்கா, இப்பவேயா?” என்று சுதன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“நான் பதுளைக்குப் போறன் தம்பி. கணக்குக்குப் போகல்ல.”

எல்லாரும் சிரித்தோம். மற்றவர்கள் முன்னே போனார்கள். நான் இன்னும் சில வளைவுகள் மூச்சு முட்ட மிதித்துவிட்டு இறங்கி, அக்கா வரும்வரை நின்றேன். அவர் வந்து சேர்ந்ததும் ஒன்றும் கேட்காமல் என்னோடு நடந்தார். தேயிலைக் கூடையோடு எதிரே வந்த ஒரு பெண், “எங்கருந்து வர்றீங்க?” என்று கேட்டாள். மட்டக்களப்பு என்றோம். “சைக்கிள்லயா? ஏன் தள்ளிக்கிட்டுப் போறீங்க?” “அதுக்கும் களைப்புத்தானே” என்று அக்கா சொன்னதும் அந்தப் பெண் கூடை குலுங்கச் சிரித்தாள்.

அதற்குச் சற்று மேலே, ஒரு மதகின் ஓரத்துப் புல்லுக்குள் சைக்கிள் சில்லு ஒன்று தெரிந்தது. சைக்கிளில் ஏறிப் போயிருந்தால் நான் கவனித்திருக்கமாட்டேன். “அது சுதன்ட சைக்கிள்” என்ற அக்கா, தன்னுடையதை என் கையில் விட்டுவிட்டு ஓடினார். மதகுக் கட்டுக்குப் பின்னால் சுதன் படுத்திருந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. நெஞ்சில் கை.

“ஒண்டுமில்லக்கா. இப்ப ஏறிருவன்.”

“ஒரு இடமும் ஏற வேணாம். பேசாமக் கிட மனே.”

அக்கா றோட்டின் நடுவில் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்து ஒரு மரக்கறி லொறியை மறித்தார். சாரதி திட்டியபடியே இறங்கினான். சுதனின் முகத்தைக் கண்டதும் அவனே தூக்கி ஏற்றினான். மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முன்னால் போனவர்கள், பின்தங்கிய சுதன் எங்களோடு வருகிறார் என்று நினைத்திருந்தார்கள். நாங்கள் இருவரும் மிதித்துக்கொண்டே அந்த மதகைக் கடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

சுதன் பிழைத்தார். ஆனால் சைக்கிளைக் கொட்டிலுக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். எங்களைக் காணவும் வரமாட்டார். ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்திருந்த மங்கை அக்கா, ஒருநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

“டொக்டர் உங்களை நடக்கச் சொன்னவர்தானே தம்பி. அந்த மலையில ஒருக்கா நடந்திட்டு வருவம்.”

சுதனின் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். “அந்த மலையை நினைச்சாலே எனக்குப் பயமாயிருக்கு அக்கா.”

“அப்ப நீயும் வா புள்ள.”

வைத்தியரிடம் கேட்டு, வானில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு நாலு பேரும் அடிவாரம் வரை போனோம். அங்கிருந்து தள்ளிக்கொண்டு நடந்தோம். சுதன் களைத்த இடத்திலெல்லாம் நின்றோம். மதகடிக்கு வந்ததும் அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு மதகுக் கட்டின் மேல் இருந்தார். மனைவி பக்கத்தில் போய் இருந்தாள். மங்கை அக்கா பிபிலையில் வாங்கிய தோடம்பழங்களை உரித்து எல்லாருக்கும் தந்தார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, “போவம்” என்றார் சுதன். ஏற்றம் முடிந்து பாதை சரிந்த இடத்தில் அவர் சைக்கிளில் ஏறி மிதிக்காமலே உருண்டு போனதையும், “மெதுவா! மெதுவா!” என்று மனைவி பின்னால் கத்தியதையும் பார்த்து அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பழுகாமத்தில் அவரைச் சுமந்தவர்களில் சுதனும் ஒருவர். வேண்டாம் என்று யார் சொல்லியும் கேட்கவில்லை. பாதி வழியில் தோள் மாற்ற வேண்டி வந்தபோது, தானாகவே விலகி அடுத்தவருக்கு இடம் கொடுத்தார்.

எனக்கு அக்கா தந்தது வேறு. ஆரம்ப நாட்களில் சைக்கிளை விட்டு இறங்கும் ஒவ்வொரு தடவையும் நான் ஏதாவது சொல்வேன்: செயின் இறுகுது, முழங்கால் நோகுது, தண்ணி குடிக்க வேணும். ஒருநாள் அக்கா கேட்டார். “ஏன் புள்ள ஒவ்வொரு முறையும் காரணம் சொல்றாய்? ஏலாட்டி ஏலாதானே.” வீட்டிலும் சரி, அலுவலகத்திலும் சரி, இல்லை என்று சொல்வதற்கு முன்னால் மன்னிப்பைப் போல ஒரு காரணத்தை நீட்டியே பழகியிருந்தேன்.

போன கிழமை, விடுமுறையில் போன இன்னொருவரின் வேலையையும் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார் எங்கள் அதிகாரி. “எனக்கு ஏலா சேர்” என்றேன். காரணம் வரும் என்று அவர் காத்து நின்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில், “சரி” என்று சொல்லிக் கோப்புகளை எடுத்துக்கொண்டு போனார்.