விண்வெளி ஓடத்தை நம்பாத ஊர்கள்

அரசாங்க ஜீப்பில் வந்து இறங்குகிறவன் எதைச் சொன்னாலும், ஊர் முதலில் அவன் சொல்லாமல் விட்டது என்ன என்றுதான் யோசிக்கும். கொசு மருந்து அடிக்கப் போனவர்கள், மக்கள்தொகைக் கணக்கெடுத்தவர்கள், பம்புசெட்டு மீட்டர் பார்க்கப் போனவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் திருத்தணியில் குடியிருந்துகொண்டு சுற்றுவட்டார ஊர்களில் படம் காட்டுகிற வேலையில் இருந்தேன். புரொஜக்டரை ஓட்டுவது, ஜீப்பை ஓட்டுவது இரண்டும் முனிரத்தினம். மைக்கில் விளக்கம் சொல்வது நான். குடிநீர், எருக்குழி, அம்மைத் தடுப்பு என்று போய்க்கொண்டிருந்தவனுக்கு மெட்ராஸ் ஆபீசிலிருந்து ஒரு புதுப் படம் வந்தது. விண்வெளி ஓடம். ராக்கெட் மாதிரி நிமிர்ந்து கிளம்பும், பூமியைச் சுற்றும், விமானம் மாதிரி தரையில் வந்து இறங்கும், மறுபடியும் போகும். படம் பேசியது இங்கிலீஷ். தமிழுக்கு நான் பொறுப்பு.

கரும்புக்குள் போன ஆண்கள்

கே.ஜி.கண்டிகையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். பொழுது சாயும் நேரத்தில் ஜீப்பை நிறுத்தித் திரை கட்டினோம். பெண்கள் வந்து நின்றார்கள். ஆண்பிள்ளை ஒருவரையும் காணோம். பக்கத்துக் கரும்புத் தோட்டம் மட்டும் காற்றில்லாமல் அசைந்துகொண்டிருந்தது. எமர்ஜென்சி முடிந்து வருஷங்கள் ஆகியிருந்தும், அரசாங்க ஜீப் என்றால் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிற ஜீப் என்ற பயம் அங்கே போகவில்லை.

"ஆம்பளைங்க எல்லாம் எங்கம்மா?" என்று கேட்டேன். முன்னால் நின்ற பொன்னம்மா என்கிற அம்மாள், "இந்த ஊர்ல ஆம்பளையே இல்ல" என்றாள். கரும்புக்குள் யாரோ இருமினார்கள். அவள் அதைக் காதில் வாங்காத மாதிரி, "அந்தத் தகரப் பொட்டியில இன்னா கீது? கத்தியா?" என்றாள். முனிரத்தினம் பெட்டியைத் திறந்து படச்சுருளைக் காட்டினான். முகர்ந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசனை இல்லை. நான் மைக் இல்லாமலேயே அவளுக்குக் கதையைச் சொன்னேன். ஆட்கள் உள்ளே உட்காருவார்கள், நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே போவார்கள், சுற்றிவிட்டு வருவார்கள். முழுதும் கேட்டுவிட்டுக் கரும்புப் பக்கம் திரும்பிக் கத்தினாள்:

"வெளிய வாங்கய்யா! நம்மள ஒண்ணும் பண்ணலியாம். வெள்ளைக்காரனத்தான் மேல அனுப்பறாங்களாம்!"

நூல் தேடியவர்

பள்ளிப்பட்டில் நெசவுக்காரர் தெரு. படத்தில் விண்வெளி வீரர்கள் உள்ளே மிதக்கிற இடம் வந்தது. ஒருவர் தலைகீழாகச் சாப்பிடுகிறார், ஒரு ஸ்பூன் தானாகச் சுழல்கிறது. அந்த உயரத்தில் ஓடமும் ஆளும் ஸ்பூனும் சேர்ந்து விழுந்துகொண்டே பூமியைச் சுற்றுவதால் எதற்கும் கனம் தெரியாது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். கோவிந்தன். எங்கள் படத்துக்கு மின்சாரம் கொடுத்த வீட்டுக்காரர். நேராகத் திரைக்குப் போய், மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று, மிதக்கிற ஆளின் தலைக்கு மேலே விரலால் தடவித் தடவித் தேடினார்.

"இன்னாங்க பாக்கறீங்க?"

"நூலு. எங்க கண்ணுக்கு நூலு தப்பாது நைனா."

கூட்டம் படத்தை மறந்து அவரைப் பார்க்க ஆரம்பித்தது. முனிரத்தினத்தை அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். போட்டான். நூல் அகப்படவில்லை. சரி, ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நான் மைக்கை எடுத்தேன். அவர் திரும்பி, தெருவுக்கே தீர்ப்புச் சொன்னார்:

"நைலானு. அதான் கண்ணுக்குத் தெரியல."

நம்பர் பிளேட்

வெளியார் நம்பாதது போகட்டும். நூறு தடவைக்கு மேல் அந்தப் படத்தை ஓட்டியவன் முனிரத்தினம். ஒருநாள் டீ குடிக்கும்போது, "சார், மேல போறது ஒரு வண்டி, கீழ வர்றது வேற வண்டி" என்றான். போகும்போது வெள்ளை, இறங்கும்போது வயிறு கறுப்பு என்பது அவன் வாதம்.

போகும்போது வயிற்றுப் பக்கம் பெரிய எரிபொருள் தொட்டி மறைத்துக்கொண்டிருக்கிறது, அந்தக் கறுப்பு சூட்டைத் தாங்குகிற ஓடுகள், திரும்பக் காற்றுக்குள் நுழையும்போது வயிற்றைக் காட்டித்தான் நுழையும் என்று டீ ஆறும் வரை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு சொன்னான்: "ரெண்டு தபாவும் நம்பர் பிளேட்டக் காட்டட்டும் சார், ஒத்துக்கறேன்."

இன்ஜின் இல்லாத இறக்கம்

ஆர்.கே.பேட்டை பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் படம். டவுன் பஸ் டிரைவர்கள், கண்டக்டர்கள் நாலைந்து பேர் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஓடம் மேலே எப்படித் திரும்புகிறது என்று நான் உடம்பாலேயே காட்டுவது வழக்கம். போகிற திசைக்கு முதுகைக் காட்டித் திரும்புவேன். அந்த நிலையில் நெருப்பைக் கக்கினால் வேகம் குறையும், குறைந்தால் கீழே இறங்கும் என்பேன். பிறகு கையை விரித்து வளைந்து வளைந்து வருவேன். "இதுக்கப்புறம் இன்ஜினே கிடையாது. ஒரே தபா எறங்கணும். தப்பினா மறுபடி மேல போக முடியாது." சக்கரம் தரையைத் தொட்டதும் ஜனங்கள் கைதட்டினார்கள்.

தேவராஜ் என்ற டிரைவர் மட்டும் தட்டவில்லை. விளக்கு போட்டதும் என்னிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "உண்மைய சொல்லுங்க, எங்க டெப்போவுலருந்துதான ஒங்கள அனுப்பினாங்க?" என்றார். எனக்குப் புரியவில்லை. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் இன்ஜினை நிறுத்தி வண்டியை விடுகிறவர் யார் என்று கண்டுபிடிக்க வந்த உளவாளி என்று என்னை நினைத்துவிட்டார். தலையில் அடித்து சத்தியம் செய்தேன். கொஞ்சம் இறங்கி வந்தார். போகும்போது ஒரு பெருமூச்சு விட்டார்:

"இன்ஜின ஆப் பண்ணி எறக்கத்துல வுட்டா எங்களுக்கு மெமோ, அவங்களுக்குக் கைதட்டா?"

செக்போஸ்ட்டில் ஒரு சாமி

கைதட்டலுக்கு ஆசைப்பட்டு, தெரிந்த தச்சரிடம் சொல்லி மரத்தில் ஒரு ஓடம் செய்துகொண்டேன். இரண்டு பக்க ராக்கெட், நடுவில் தொட்டி, அதன்மேல் ஓடம், எல்லாம் கழற்றி மாட்டலாம். வர்ணம் உரியாமல் இருக்க வேட்டியில் சுற்றி ஜீப்பின் பின்னால் படுக்க வைத்திருந்தோம். ஆந்திர எல்லையோரச் செக்போஸ்ட்டில் ஒரு ஏட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். எந்தக் கோயில் சிலை என்று கேட்டார். சிலை கடத்துகிறவர்கள் என்று எங்களை நினைத்துவிட்டார். இரண்டு பேரையும் பெஞ்சில் உட்கார வைத்தார். ஜீப் சாவி அவர் சட்டைப்பைக்குப் போனது.

வேட்டியைப் பிரித்ததும் அவருக்கே குழப்பம். "இது எந்த சாமி?" சாமி இல்லை என்று அவர் மேஜைமேலேயே செய்து காட்டினேன். பக்க ராக்கெட்டுகளைக் கழற்றி, இது இரண்டும் கடலில் விழும், எடுத்துவந்து திரும்ப உபயோகிப்பார்கள் என்றேன். தொட்டியைக் கழற்றி, இது விழுகிற வழியில் நாசமாகிவிடும் என்றேன். ஓடத்தை மட்டும் சுற்றவிட்டு லத்தி பக்கத்தில் இறக்கினேன். சாவியைத் திருப்பிக் கொடுத்தார். முகம் மட்டும் தெளியவில்லை.

"நாலு பேரா சேந்து போயி, ரெண்டு பேரு கடல்ல, ஒருத்தன் ஆளே இல்ல, ஒருத்தன் மட்டும் அலுங்காம திரும்பி வந்தான்னா, அவனத்தான்யா நாங்க மொதல்ல விசாரிப்போம்."

குப்பம்மாள் கேட்டது

எண்பத்தாறு ஜனவரியில் ஒரு காலை ரேடியோவில் செய்தி. ஓடம் ஒன்று கிளம்பிய சற்று நேரத்திலேயே வானத்தில் சிதறிவிட்டது. உள்ளே ஏழு பேர். அதில் ஒருவர் பள்ளிக்கூட டீச்சர்.

அன்றைக்குப் பள்ளிப்பட்டுக்குப் பக்கத்து ஊரில் அதே படத்துக்கு ஏற்கனவே தண்டோரா போட்டிருந்தது. "எருக்குழிப் படத்தப் போட்டுட்டு வந்துடலாம் சார்" என்றான் முனிரத்தினம். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் போனபோது, என்றும் இல்லாத கூட்டம். ரேடியோ எல்லா வீட்டிலும் இருந்தது. திரை கட்டவில்லை. மைக்கை எடுத்து எனக்குத் தெரிந்த கொஞ்சத்தை மட்டும் சொன்னேன். ஏன் வெடித்தது என்று தெரியாது என்றேன். இத்தனை நாள் "பத்திரமா வந்து எறங்கிடும்" என்று ஊர் ஊராகச் சொன்ன வாய் அது. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பவர்லூமில் வேலை செய்கிற குப்பம்மாள், அந்தப் படத்தை இரண்டு ஊரில் பார்த்தவள், இரண்டு தடவையும் சிரித்துவிட்டுப் போனவள், எழுந்து நின்றாள். "அந்த டீச்சரம்மாவுக்குக் கொழந்தைங்க கீதுங்களா?" என்று கேட்டாள். ஆமாம், இருக்கிறார்கள் என்றேன். "அதுங்க பாத்துகினு இருந்துதுங்களா?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்பவும் ஒழுங்கா வந்துகினே இருந்துச்சு, அதான் பொய்னு நெனச்சேன். அப்போ மெய்யாலுமே ஆளுங்க உள்ள ஒக்காந்துகினுதான் போனாங்களா அண்ணா?"

அதற்குப் பிறகு என்னை எருக்குழிப் படத்துக்கே திருப்பிவிட்டார்கள். அதையும் எந்த ஊரும் நம்பவில்லை, நானும் யாரையும் நம்பச் சொல்லி வற்புறுத்தவில்லை.