மேட்டுக்கொல்லையின் முதல் குழாய்

ஏகாம்பரம் அவர்கள் காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் டீக்கடை பாஷா பாய். “உங்க தோஸ்து போய்ட்டாரு சார்” என்றார். நாங்கள் நண்பர்கள் அல்லர் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

ஆம்பூர்ச் சாலையில் இருந்த மேட்டுக்கொல்லைப் பேரூராட்சியில் குழாய் ஃபிட்டராக இருந்தவர் ஏகாம்பரம். நான் கல்லூரியில் வரலாறு கற்பிப்பவன். அதே பேரூராட்சியை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவன். அலுவலகத்தில் நான் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டும்போது, அவர் வாசலில் உட்கார்ந்து குழாய் மரையில் நூல் சுற்றிக்கொண்டிருப்பார். “இன்னா சார், தூசி ஜாஸ்தியா?” என்பார். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டுவேன்.

பிறகு பேரூராட்சியைப் பக்கத்து நகராட்சியோடு இணைத்தார்கள். பெயர்ப்பலகை இறங்கியது. மேட்டுக்கொல்லை இரண்டு வார்டு எண்களாயிற்று. அதன் வரலாற்றை எழுதியவன் என்று ஊர் என்னைச் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். எழுதினேன். வெளியீட்டு விழாவுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் என் உறவினர்கள்.

அடுத்த ஆண்டு, ஓய்வுபெற்றிருந்த ஏகாம்பரமும் ஒரு நூல் எழுதினார். குழாய் குழாயாக ஊரின் கதை. கல்யாண மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. ஷூ கம்பெனிப் பெண்கள் ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தார்கள். “புஸ்தகம் எழுதணும்னா முதல்ல பைப்பு நோண்டணும் போல” என்றார் பாஷா பாய், என் காதருகே.

அந்த நூலில் ஒரு பிழை கண்டேன். முதல் தெருக்குழாய், தோல் பதனிடும் ஷாப்புத் தொழிலாளர் காலனியில் போடப்பட்டதாக எழுதியிருந்தார். பேரூராட்சித் தலைவர் வீட்டு முன்னால் என்பது தீர்மானம். நகல் என்னிடம் இருந்தது. நூலகத்தில் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்த அன்று எழுந்து நின்று அதைப் படித்தேன். வாழ்க்கையில் எதையும் அவ்வளவு மகிழ்ச்சியோடு படித்ததில்லை.

அவர் கோபப்படவில்லை. “தீர்மானம் சரிதான் சார். காலனிக் கெணத்துல தோல் ஷாப்புத் தண்ணி எறங்கிட்டிருந்துச்சு. தலைவர் வெளியூர் போயிருந்தாரு. நானும் மேஸ்திரியும் அங்க போட்டுட்டோம். அவர் வந்து பாத்தா, பொம்பளைங்க குடத்தோட வரிசையில நிக்கிறாங்க. புடுங்குடான்னு சொல்ல அவருக்கு வாய் வரல.”

“மொதக் குடம் என்னுது” என்றார் பின்வரிசையில் ஒரு பெண்மணி. கூட்டம் சிரித்தது. நகலை மடித்துப் பையில் வைத்தேன். என் நூலில் அந்தக் குழாய் இன்றும் தலைவர் வீட்டு முன்னால்தான் இருக்கிறது.

அவர் இறந்த அன்று, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் மாதிரியோடு அவர் மகன் என்னிடம் வந்தார். “தப்பு இருந்தா நீங்க விடமாட்டீங்கன்னு அப்பா சொல்வாரு சார்.” முகவரியில் வார்டு எண் இருந்தது. அதை அடித்துவிட்டு ‘மேட்டுக்கொல்லைப் பேரூராட்சி’ என்று எழுதிக் கொடுத்தேன். சட்டப்படி அதுதான் தப்பு. மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது பேருந்து நிறுத்தம் முதல் காலனி வரை அந்தச் சுவரொட்டிதான் ஒட்டியிருக்கிறது. போகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். நான் எழுதியவற்றில் இந்த ஊர் நின்று படித்தது அந்த இரண்டு சொற்களைத்தான். அதுவும் அவர் படத்துக்குக் கீழே.

போய் வாருங்கள், ஏகாம்பரம். நீங்கள் போகும் இடத்திலும் நாற்காலி போதாமல்தான் இருக்கும்.