நாடி எண்ணிச் சுட்ட பிஸ்கட்

அந்த பேக்கரியின் சமையற்கட்டில் எந்தச் சுவர்க் கடிகாரமும் ஆறு மாதத்துக்கு மேல் ஓடியதில்லை. மாவுத் தூசியும் அடுப்பு வெக்கையும் சேர்ந்து அதன் கதையை முடித்துவிடும். அதனால் அடுப்புக்காரர் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தன் இடது மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்துத்தான் நேரம் பார்த்தார். பாதி வெந்த வெண்ணெய் பிஸ்கட் தட்டை அடுப்புக்குள் முன்பின்னாகத் திருப்பி வைத்த பிறகு முந்நூற்று நாற்பது துடிப்பு, அதாவது நான்கு நிமிடம். எண்ணி முடித்து இழுத்தால் ஓரம் மட்டும் பொன்னிறமாக இருக்கும்.

"என் கடிகாரத்துக்குச் சாவியே கொடுக்க வேணாம்" என்று பீற்றிக்கொள்வார்.

மூன்று வாரத்துக்கு முன்பு இரத்த அழுத்தம் ஏறியதால் டாக்டர் பீட்டா பிளாக்கர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அசதி வரலாம், கைகால் ஜில்லிடலாம், சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம் என்றார். இன்னும் ஏதோ சொன்னார். அதை இவர் மருத்துவமனை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்.

சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. சொல்லாததாக ஒரு கனவும் வந்தது. ரொட்டிகள் வரிசையாகத் தெருவில் ஓட, இவர் தட்டோடு பின்னால் துரத்தினார். எழுந்து மனைவியின் தோளைத் தொட்டதும் அவள் அலறிவிட்டாள்.

"ஏங்க, இது கையா, ஐஸ் கட்டியா? இனிமே கையுறை போட்டுட்டுத் தூங்குங்க!"

இதையெல்லாம் அவர் சிரித்தே கடந்துவிட்டார். பிஸ்கட் கருகியதைத்தான் தாங்க முடியவில்லை. திங்கள் ஒரு தட்டு, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. அதே அடுப்பு, அதே சூடு, அதே முந்நூற்று நாற்பது.

கடை மனைவியின் தம்பியுடையது; அங்கே பஃப்ஸ் மாவு மடிப்பது மனைவியின் வேலை. அவன் கருகிய பிஸ்கட் ஒன்றை விரலால் தட்டிப் பார்த்தான். ஓடு மாதிரிச் சத்தம் கேட்டது.

"அத்தான், கொஞ்ச நாள் கல்லாவுல உக்காருங்களேன். அடுப்பை நான் பாத்துக்கிறேன்."

"நீயா? உனக்கு வெந்நீர் வைக்கவே ரெண்டு பேர் வேணுமேடா மச்சான்!"

வாய்தான் அப்படிப் பேசியது. மனசுக்குள், 'கை போச்சு, அவ்வளவுதான்' என்று தோன்றிவிட்டது. அடுப்பை விட்டால் அந்தக் கடையில் அவர் யார்?

வியாழக்கிழமை மறுபரிசோதனை. நர்ஸ் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் இவரும் வாய்க்குள் எண்ணினார். நிமிடத்துக்கு எண்பத்தைந்து வரும் என்று காத்திருந்தார். ஐம்பத்தெட்டிலேயே நர்ஸ் கையை விட்டுவிட்டார்.

"ஏம்மா, பாதியிலயே விட்டுட்டீங்க?"

"முழு நிமிஷம் எண்ணிட்டேங்கய்யா. மாத்திரை துடிப்பைக் குறைக்கும்னு டாக்டர் சொல்லலையா?"

அடுப்புக்காரர் துள்ளி எழுந்தார். தலை சுற்றியது. அப்படியே உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் நல்லாத்தான் இருக்கேன்! என் கடிகாரம்தான் மெதுவா ஓடுது!"

பக்கத்தில் இருந்த மனைவிக்கு விஷயம் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்போ மாத்திரையை நிறுத்திட்டா சரியாயிடுமாம்மா?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"நீங்களா நிறுத்தவே கூடாது. திடீர்னு விட்டா நெஞ்சுக்கு ஆபத்து. தலை சுத்தறதை டாக்டர்கிட்டச் சொல்லுங்க, எழும்போது மெதுவா எழுந்திருங்க."

டாக்டரும் அதையேதான் சொன்னார். இந்த முறை இவர் எல்லாவற்றையும் காதில் வாங்கினார்.

வரும் வழியிலேயே மனைவி சமையல் டைமர் ஒன்று வாங்கி, தூசி படாமல் பிளாஸ்டிக் உறையில் கட்டினாள். இவர் அதை மதிக்கவில்லை. ஐம்பத்தெட்டை நான்கால் பெருக்கி, தட்டைத் திருப்பி வைத்து, விரலை மணிக்கட்டில் வைத்தார். அதே நொடியில் மனைவி டைமரை நான்கு நிமிடத்துக்கு ஓடவிட்டாள். இருநூற்று முப்பத்திரண்டு என்று உதடு முணுமுணுத்தபோதே டைமரும் கத்தியது.

"பாத்தியாடா மச்சான், அதுவும் என்னைப் பாத்துத்தான் எண்ணுது!"

மைத்துனன் ஒரு பிஸ்கட்டை ஒடித்து வாயில் போட்டான். இன்னொன்றையும் போட்டான். பிறகு கல்லாவுக்குப் போய்விட்டான்.

மனைவி அதற்குள் பஃப்ஸ் மாவை அவர் பக்கம் தள்ளினாள். வெண்ணெய் வைத்து மடித்த அந்த மாவைத் தொட அவருக்கு இத்தனை வருடமாகத் தடை. கைச்சூட்டில் வெண்ணெய் உருகிவிடுமாம்.

"இனிமே இதுவும் உங்க வேலைதான். அந்த ஐஸ் கையை என்மேல வைக்காம இதுல வைங்க."