விரல் வெளியே நிற்கட்டும்

பச்சை நிறத்தில் ஒரு தண்ணீர்த் துவக்கு. கோடையில் பீச்சி விளையாடட்டும் என்று இங்கே ரொறன்ரோவில், மில்லிக்கன் பிளாசாவில் மகளுக்கு வாங்கிக் கொடுத்தது. வாங்கிய அன்றே ஒழுகத் தொடங்கிவிட்டது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி, முழங்கையை நீட்டி, எங்கள் பேஸ்மென்ட் அறையின் கண்ணாடிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் நின்றுகொண்டிருந்தேன். முப்பது வயது தாண்டிய பெண்பிள்ளை, வீட்டுச் சட்டையும் தலையில் எண்ணெயுமாக. யாரும் கண்டிருந்தால் இவளுக்குத் தட்டிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கண்டது இவர்தான், என் கணவர். ஊத்தை உடுப்புக் கூடையோடு தோய்க்கிற மெசினடிக்குப் போய்க்கொண்டிருந்தவர் வாசலில் நின்றார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் சுட்டுவிரலைப் பிடித்து விசைக்கு வெளியே எடுத்து, துவக்கின் பக்கத்தோடு நேராக நீட்டி வைத்தார். "விரல் வெளியாலை நிக்கவேணும். சுடுறதெண்டு முடிவெடுத்தாப் பிறகுதான் உள்ளுக்கை போகவேணும்" என்றார். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு தன் பாட்டில் போய்விட்டார்.

அதே விசயத்தை, ஏறக்குறைய அதே சொற்களில், அதற்கு முதல்நாள் துவக்குப் பழகுகிற வகுப்பில் இன்ஸ்ரக்டர் சொல்லியிருந்தார். நான் அதை வீட்டில் சொல்லவில்லை. பேக்கரியில் மா பிசைகிற என் மனுசனுக்கு அது எப்படித் தெரியும்?

நான் துவக்குப் பழகப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வங்கிகளுக்கும் கடைகளுக்கும் காசு ஏற்றி இறக்கும் இரும்பு வான் கம்பனி ஒன்றில் நான் உள் வேலை செய்துகொண்டிருந்தேன். வானில் போகிற காவலாளிகளுக்குச் சம்பளம் கூட, பகல் வேலை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றவும் வசதி. ஆனால் வானில் ஏறுவதென்றால் இடுப்பில் கைத்துவக்கு இருக்கவேண்டும், அதற்குப் பயிற்சி எடுக்கவேண்டும், லைசன்ஸும் வேண்டும். துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவள் துவக்கோடு வேலைக்குப் போவதா என்று நான் யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டுப் பெயரைக் கொடுத்தேன். வாடகை கட்டவேண்டும்.

எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவரைக் கண்டால் எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருசம் ஓ.எல். சோதனை எடுத்தது என்று மூன்று கேள்வி கேட்போம். கேட்கிற முகத்தில் ஒரு சிரிப்பும் இருக்கும். வெளியார் பார்த்தால், பாவம், ஊர்ப் பாசம் என்று நினைப்பார்கள். அது கணக்கு. ஊரும் பள்ளிக்கூடமும் வருசமும் கிடைத்துவிட்டால், அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வருசம், ஒன்றோடொன்று அடிபட்ட இயக்கங்களில் எதற்குப் பொடியள் போனார்கள் என்று கேட்கிறவருக்குத் தெரிந்துவிடும். நேரே மட்டும் ஒருவரும் கேட்கமாட்டோம். கேட்டால், கேட்கிறவர் எந்தப் பக்கம் என்ற கேள்வி அடுத்ததாக வரும். ரொறன்ரோ வந்த புதிதில் பார்க்டேலில் ஒரே மாடியில், ஒரே குசினியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள்கூட ஒருவரை ஒருவர் இப்படித்தான் அளந்துகொண்டிருந்தோம்.

இவருக்கும் எனக்கும் ரொறன்ரோவில் பேசிச் செய்த கல்யாணம். பேசி வந்தவர்கள் அவரைப் பற்றி எல்லாம் சொன்னார்கள், எண்பதுகளில் ஒரு இரண்டு வருசத்தைத் தவிர. கேட்டால், அந்த இரண்டு வருசமும் கொழும்பில், வெள்ளவத்தையில் மாமா முறையான ஒருவரின் கடையில் நின்றாராம். நானும் அந்தக் கடற்கரை ஊரில் தங்கியிருந்துதான் பிளேன் ஏறினேன். கல்யாணமான புதிதில் ஒருநாள் கதையோடு கதையாக, "கடையிலை நிண்டா கடல் எந்தப் பக்கம் தெரியும்?" என்று கேட்டேன். அவர் யோசித்தார். வெள்ளவத்தையில் இரண்டு வருசம் நின்றவன் கடல் எந்தப் பக்கம் என்று யோசிப்பானா? அன்றைக்கு விழுந்த சந்தேகம், விரலைப் பிடித்து எடுத்து வைத்த அன்று விஸ்வரூபம் எடுத்தது.

அது சும்மா மனைவிமாருக்கு வருகிற சந்தேகம் இல்லை. கனடாவில் இவரை அகதி என்று ஏற்றுக்கொண்டு விட்டார்கள். ஆனால் நிரந்தர வதிவிட உரிமை, நாங்கள் லாண்டிங் என்று சொல்வது, வரவில்லை. பின்னால் வந்தவனுக்கெல்லாம் வந்துவிட்டது. பாதுகாப்புச் செக்கிங்கில் கிடக்கிறது என்று லோயர் சொன்னார். இவர் இயக்கத்தில் இருந்தவர் என்று எங்கேயாவது ஒரு மூச்சு வெளியே போனால், பிடித்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது. இப்போது நானே துவக்கு லைசன்ஸ் கேட்டு, பொலிஸுக்கு வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும்.

அதற்குப் பிறகு அவரை வேவு பார்க்கத் தொடங்கினேன். சாப்பாட்டுக் கடைக்குப் போனால் சுவரோடு முதுகு படத்தான் இருப்பார். கதவு தட்டினால் உடனே திறக்கமாட்டார். ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று ஆர் என்று கேட்பார். பிள்ளையை அவர் அதட்டி நான் கண்டதில்லை. அது நல்ல குணம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது அதையும் சந்தேகப்பட்டேன். ஏதோ செய்துவிட்டு வந்தவன்தான் இவ்வளவு பவ்வியமாக இருப்பான் என்று என் மனம் சொன்னது.

பயிற்சி நடந்தது ஸ்காபரோவில், காருக்குப் பெயின்ற் அடிக்கிற கடைகளுக்குப் பின்னால் இருந்த ஜன்னல் இல்லாத கட்டடத்தில். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். நான் ஒருத்திதான் தமிழ். இன்ஸ்ரக்டர் பொலிஸில் இருந்து ஓய்வு பெற்றவர், தடித்த கழுத்து, தாழ்ந்த குரல். அவர் வாயால் வந்தவற்றில் சில இன்னும் என் காதில் இருக்கின்றன. "துவக்கு உங்களைக் காப்பாற்றாது, தூரம்தான் காப்பாற்றும்" என்பார். "வானில் இருக்கிறது ஆரோ ஒருவருடைய காசு. அதற்காகச் செத்துப் போகாதீர்கள்" என்பார். இடுப்பிலிருந்து எடுக்காமலே வேலையை விட்டு ஓய்வு பெறுகிறவன்தான் அவருக்குக் கெட்டிக்காரன். நான் நினைத்துப் போனது ஒன்று, அங்கே படித்தது வேறு. சுடுவதைவிடச் சுடாமல் இருப்பதைத்தான் அந்த மனுசன் அதிகம் படிப்பித்தார்.

சுடுகிற அறையில் காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. எதிரே கடதாசியில் ஆள் உருவம், முகம் இல்லாமல் கறுப்பாக. ரிவோல்வரை மேசையிலிருந்து எடுக்கச் சொன்னார். வகுப்பில் சொல்லியிருந்தும் மற்றவர்கள் எல்லோரும் முதல் தரம் எடுத்தபோது விரலை நேரே விசையில் கொண்டுபோய் வைத்தார்கள்; எல்லோரும் ஏச்சு வாங்கினார்கள். என் விரல் மட்டும் வெளியே நேராக நின்றது. இன்ஸ்ரக்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். எந்த நாடு என்று கேட்டார். சொன்னேன். "அப்படியென்றால் இதற்கு முன்னம் பிடித்திருக்கிறாய்." பின்னால் ஒருவன் சிரித்தான். இல்லை என்றேன். "அப்போ ஆர் பழக்கியது?"

நீங்கள்தானே வகுப்பில் சொன்னீர்கள் என்று சொல்ல அந்த நேரம் எனக்குத் தோன்றவில்லை, இவருடைய முகம்தான் முன்னால் வந்தது. "ரீவியில் பார்த்தது" என்றேன். ரீவியில் வருகிறவர்கள் எல்லோரும் விரலை விசையில்தான் வைத்திருப்பார்கள் என்றார் அவர். அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அந்த வகுப்பு முடியும்வரை அவருடைய கண் என்னை விட்டுப் போகவில்லை. நான் நன்றாகச் சுட்டேன் என்று பிறகு சொன்னார்கள். எங்கே பட்டது என்று நான் பார்க்கவேயில்லை.

மேல் வீட்டில் இருந்த வீட்டுக்கார அன்ரிக்கும் விசயம் எட்டிவிட்டது. படியில் மறித்து, "என்ன பிள்ளை, துவக்குப் பழகுறியாம்? இஞ்சை வந்துமே உந்தச் சனியன்?" என்று தொடங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் பழக்கிவிடேல்லையோ?" என்றார்.

"அவருக்கு மா பிசையத்தான் தெரியும் அன்ரி" என்றேன்.

"ஓமோம்" என்றார் அன்ரி. அந்த ஓமோமை எத்தனையோ விதமாகத் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்தேன்.

பயிற்சி முடிந்த கையோடு பொலிஸிலிருந்து போன் வந்தது. லைசன்ஸ் விசயமாக ஒரு அதிகாரி வீட்டுக்கு வருவார், கணவரோடு கதைக்கவேண்டும் என்றார்கள். அந்த இன்ஸ்ரக்டர்தான் வத்தி வைத்துவிட்டார் என்று முடிவுகட்டினேன். விண்ணப்பத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் அதுவே சந்தேகமாகிவிடும். இவரிடம் சொன்னேன். "வரட்டும்" என்றார். அவ்வளவுதான். சேர்ட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு இருந்தார்.

வந்தவர் இளம் ஆள், மரியாதையான ஆள். சப்பாத்தைக் கழற்றவா என்றுகூடக் கேட்டார். கணவரோடு தனியாகக் கதைக்கவேண்டும் என்றார். பேஸ்மென்டில் எங்கே தனி? நான் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணி போட்டேன். காது முழுக்க அங்கேதான். வீட்டில் சண்டை உண்டா, மனைவிக்குக் கோபம் வருமா என்று கேட்டார். கோபம் நிறைய வரும், ஆனால் நல்லவள் என்றார் இவர். மனைவி துவக்கு வைத்திருந்தால் உங்களுக்குப் பயமா என்று கேட்டார். இவர் பேக்கரியில் பழகிய இங்கிலீசில் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"எனக்குத் துவக்குக்குப் பயம். இவளுக்குப் பயம் இல்லை. இவளுடைய விரல் வெளியே நிற்கும். நான் பார்த்தேன்."

உங்களுக்குத் துவக்கைப் பற்றித் தெரியுமா என்று அந்த ஆள் கேட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"பின்பக்கம் தெரியாது. முன்பக்கம் தெரியும்" என்றார் இவர். "என்னை ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். நெடுநாள். என் முன்னால் துவக்கோடு ஒருவன் இருப்பான். முகத்தைப் பார்த்தால் அடிப்பார்கள். அதனால் விரலைப் பார்ப்பேன். விரல் வெளியே நின்றால் தண்ணீர் கேட்கலாம். உள்ளே போனால் மூச்சும் விடக்கூடாது. என்னோடு இருந்தவன் ஒருநாள் பார்க்காமல் தண்ணீர் கேட்டுவிட்டான்."

இராணுவமா என்று அந்த ஆள் மெதுவாகக் கேட்டார்.

"இல்லை சேர். என்னுடைய பாசை பேசுகிறவர்கள்."

அந்த ஆளுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். இருவருக்கும் கை கொடுத்துவிட்டுப் போனார்.

கட்டின பெண்சாதிக்குத் தமிழில் சொல்லாத கதையை, முன்பின் தெரியாத பொலிஸ்காரனுக்கு உடைந்த இங்கிலீசில் சொன்ன மனுசனை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. நாக்கில் மட்டும் எங்கள் சனத்தின் அந்தக் கேள்வி வந்து நின்றது. எந்த இயக்கம்? வாயைத் திறக்குமுன் அவர் கையைக் காட்டினார்.

"நீர் என்ன கேக்கப் போறீரெண்டு தெரியும். கேக்கவேண்டாம். சொன்னா எங்கடை சனத்திலை காவாசிப் பேரோடை உமக்குக் கதைக்கேலாமல் போடும். உம்மடை சொந்தத்திலையும் ஆரும் இருப்பினம்."

நான் கேட்கவில்லை. லைசன்ஸ் வந்தது, பிந்தியென்றாலும் அவருடைய லாண்டிங்கும் வந்தது. இன்ஸ்ரக்டர் ஒன்றும் வத்தி வைக்கவில்லை, எல்லோர் வீட்டுக்கும் அப்படித்தான் போன் எடுத்தார்கள் என்று பிறகு தெரிந்தது. வானில் கனகாலம் போனேன். ஒருநாளும் துவக்கை உறையிலிருந்து உருவவில்லை. இப்போது யூனியன்வில்லில் சொந்த வீடு, சுகமான சீவியம். ஆனால் சந்தேகம் போய்விட்டதா என்று கேட்டால் போகவில்லை, ஆள் மாறிவிட்டது. அன்றுவரை இவர் என்ன செய்தார் என்று தேடினேன். அதன்பிறகு இவருக்குச் செய்தது ஆர் என்று தேடத் தொடங்கினேன். கோயிலில், மரக்கறிக் கடையில், பிறந்தநாள் விழாவில், இவர் வயது ஒத்த ஆம்பிளைகளை எல்லாம் பார்ப்பேன். நல்லாய்ச் சிரித்துப் பேசுகிற அண்ணைமார், பிள்ளைகளைத் தூக்கி வைத்துக் கொஞ்சுகிறவர்கள். இவனாக இருக்குமோ, உவனாக இருக்குமோ?

சில வருசங்களுக்கு முன் ஸ்காபரோவில் ஒரு கல்யாணம். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் பாயாசக் கோப்பையோடு வந்து எங்கள் மேசையில் இருந்தார். நரைத்த மீசை, நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு. "அண்ணையை எங்கையோ கண்ட மாதிரிக் கிடக்கு. எந்த ஊர்?" என்று கேட்டார்.

இவர் இலையிலிருந்து நிமிரவில்லை. "திருகோணமலை" என்றார். பிறந்து வளர்ந்தது யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. திருகோணமலைப் பக்கம் தலை வைத்தும் படுத்ததில்லை.

"கதை யாழ்ப்பாணக் கதையாயெல்லோ கிடக்கு?" அந்த ஆள் என் பக்கம் திரும்பினார். சிரிப்பு அப்படியே இருந்தது. "அக்காவும் அங்கைதானோ?"

"ஓம் தம்பி, ரெண்டு பேரும் திருகோணமலைதான்" என்றேன். "இவரின்ரை அம்மா யாழ்ப்பாணம். அதுதான் கதை உப்பிடி."