என் கையில் தெரிந்த நரம்பு

அன்று ஆஸ்பத்திரி அறையில் நான், என் மனைவி, நாலு வயது மகள், சிஸ்டர் மட்டும் இருந்தோம். வாந்தி நிற்காத மகளுக்கு டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். சிஸ்டர் மாறி மாறிக் குத்தியும் அவளுடைய கொழுகொழுக் கையில் நரம்பு அகப்படவில்லை.

நான் கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவன். கோழியின் இறக்கையை ஈரத்தால் தடவினால் நரம்பு நீலமாய்த் தெரியும், சோதனைக்கு ரத்தம் எடுத்துவிடுவேன். இங்கே மகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நரம்பு புடைத்த என் கையைக் காட்டினேன்.

"ஏனுங்க சிஸ்டர், எனக்கு மட்டும் இப்படித் தெரியுதே, ஏதாச்சும் நோயா?"

"உங்க பயத்த இப்பத்தான் கேக்கோணுமாக்கும்!" என்றாள் மனைவி.

"உங்களுக்குத் தோலுக்கடியில கொழுப்பில்லீங்க, உழைச்ச கை வேற, அதான். பாப்பாவுக்கு ஒடம்புல தண்ணி வத்திப்போச்சு. கெட்டியாப் புடிங்க."

"அப்பா, வுடச் சொல்லுங்கப்பா!"

கடைசியில் காலில்தான் ஊசி ஏறியது. அவள் காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டது என்னை. அவளை அசையவிடாமல் அழுத்தியிருந்ததும் நான்தான்.