கடைசி எழுத்திலிருந்து வரப்புக்கு

கூலிக்காரர்கள் குடியிருக்கும் மனைக்கு அவர்கள் பெயரிலேயே பட்டா என்று அரசு சட்டம் போட்டிருந்த சமயம். நாகப்பட்டினம் பக்கத்து ஊர் ஒன்றில் நான் முதியோர் கல்வி வாத்தியார். வகுப்பில் என்னைவிட வயதில் சிறியவர் யாரும் இல்லை. என்னைவிடக் குறைவாகத் தெரிந்தவரும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

நடவு வேலை செய்யும் ஓர் அக்காவுக்குத் தாசில்தார் விசாரணைக்கு இன்னும் ஒரே வாரம். எதற்கென்று தெரியாமல் அவருடைய அப்பா வைத்த கைரேகையில்தான் பழைய மனை மிராசுதாரிடம் போயிருந்தது.

"ரேகை வைக்க மாட்டேன் சார். கையெழுத்துதான்" என்றார்.

நாலே எழுத்துப் பெயர். பலகையில் எழுதினேன், ராகம் போட்டுப் பாடினேன், சிலேட்டில் நான் எழுதியதன் மேலேயே எழுதச் சொன்னேன்.

"நீங்க எழுதுறப்ப தெரியுது சார். அங்க அழிச்சா இங்கயும் அழிஞ்சிருது" என்று தலையைத் தட்டிக் காட்டினார்.

பயிற்சி முகாமில் எனக்குக் கொடுத்த வித்தை அத்துடன் தீர்ந்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் வயலுக்கே போனேன். தண்ணீர் வடிந்த மூலையில், வரப்போரமாக முதல் எழுத்தைக் குச்சியால் சேற்றில் கீறினேன். அடுத்தடுத்த எழுத்துக்கு உள்ளே உள்ளே இறங்கி, கடைசி எழுத்தில் முழங்கால்வரை புதைந்தேன். இரண்டு பெண்கள் வந்து என்னைப் பிடுங்கினார்கள்.

"நாத்தவிட லேசாத்தான் வர்றாரு" என்றாள் ஒருத்தி.

அக்கா மீந்த நாற்றை எடுத்துக் கடைசி எழுத்தில் தொடங்கி, கோட்டின் மேலேயே நட்டபடி பின்னால் நகர்ந்தார்.

"முதல் எழுத்துலேருந்துக்கா."

"அப்படி நட்டா, நட்டத மிதிச்சுக்கிட்டுல்ல சார் வரப்புக்கு வரணும்?"

நாலு நாள் பிடுங்கிப் பிடுங்கி நட்டார். பெயர் வேர் பிடித்துவிட்டது.

விசாரணையன்று குமாஸ்தா வழக்கம்போல ரேகை வைக்க மைப்பெட்டியை நகர்த்தினார். அக்கா அதைத் தள்ளிவிட்டுப் பேனாவை வாங்கி, வலது ஓரத்தில் கடைசி எழுத்தைப் போட்டார்.

"என்னம்மா, வாலுலேருந்து எழுதுற?"

"இருங்க சார், வரப்புக்கு வந்துர்றேன்."

முதல் எழுத்தும் விழுந்தது. தாசில்தார் பட்டியலோடு ஒத்துப் பார்த்தார். ஓர் எழுத்தும் பிசகவில்லை.

"யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்த என்னை அக்கா கைகாட்டினார்.

"அப்ப சாட்சிக் கையெழுத்த நீங்களே போடுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக ஓர் அதிகாரி முன்னால் பேனா பிடிக்கிறேன். காகிதத்தில் ஒரு சொட்டு மை விழுந்ததே தவிர எழுத்து விழவில்லை. குமாஸ்தா மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

அக்கா குனிந்து என் காதருகே சொன்னார்: "பதறாதீங்க சார். கடைசி எழுத்துலேருந்து வாங்க."